இருளப்பன் செருப்பு முன்னேறிய கதை

கூழாங்குளம் என்று ஒரு ஊர். மழை வந்தால் மாட்டைக் கொட்டகைக்குள் கட்டிவிட்டு, ஐயோ கொட்டகை நனைகிறதே என்று அதற்குக் குடை பிடிக்கிற ஊர். அங்கே முட்டாள் என்று தனியாகப் பெயர் வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. போட்டி பலம். அதிலும் ஜெயித்து நின்றவர்கள் மூன்று பேர்: இருளப்பன், அவனுடைய பெரியப்பா மகன் மாடக்கண்ணு, அத்தை மகன் கொண்டல்சாமி.

மூவரில் இருளப்பனுக்கு மட்டும்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மற்ற இருவருக்கும் பெண் கொடுக்க வந்தவர்கள், கொடுத்த காப்பி ஆறுவதற்குள் விஷயம் புரிந்து எழுந்து போய்விட்டார்கள். இருளப்பன் பெண் பார்க்கப் போன அன்றைக்கு அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. வாயே திறக்கவில்லை. ஆகா, அடக்கமான பையன் என்று முள்ளிப்பட்டிக்காரர்கள் செம்பகத்தைக் கொடுத்துவிட்டார்கள். தொண்டை சரியானபோது தாலி ஏறியிருந்தது.

செம்பகம் பொறுத்துப் பார்த்தாள். ஒரு பெண் பிள்ளையும் பிறந்தது. வீட்டில் தொட்டில் கட்ட இருந்தது ஒரே ஒரு உத்தரம். அதற்கு நேர் மேலே ஓடு உடைந்து வானம் தெரிந்தது. "ஓட்டை மாத்துங்க, ஓட்டை மாத்துங்க" என்று அவள் சொல்லாத நாள் இல்லை. இருளப்பன் காலையில் மாற்றலாம் என்பான். ஆனால் அவன் எழுந்திருக்கும்போது மத்தியானம் ஆகியிருக்கும்.

ஒருநாள் கோடை மழை வந்தது. பிள்ளையின் மூக்கில் சொட்டென்று ஒரு துளி. செம்பகம் இருளப்பனை உலுக்கி எழுப்பிக் காட்டினாள். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான்.

"பாப்பா தும்முறது எவ்வளவு அழகா இருக்கு!" என்றான்.

அவ்வளவுதான். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள் செம்பகம். "ஓட்டை மாத்துங்க. விடிஞ்சதும் எழுந்திரிக்கப் பழகுங்க. ரெண்டையும் செஞ்சுட்டு, நீங்களா நடந்து வந்து என்னைக் கூப்பிடுங்க. ஐப்பசி மழைக்குள்ள வரலைன்னா அப்புறம் வரவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு முள்ளிப்பட்டிக்குப் போய்விட்டாள்.

இருளப்பனுக்கு வீடு வீடாக இல்லை. கஞ்சி வைத்தால் அடிப்பிடித்தது. காலித் தொட்டிலை ஆட்டி ஆட்டி அழுதான். முட்டாளுக்கும் பெண்டாட்டி பிள்ளை மேல் பாசம் இருக்கத்தான் செய்கிறது. அதுதான் பெண்டாட்டிக்குக் கஷ்டம்.

அந்தச் சமயத்தில் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு டவுனிலிருந்து ஒருவர் பேச வந்தார். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை. மைக்கைப் பிடித்து, "யாரும் ஒரே நாளில் மாறிவிட முடியாது. தினமும் கொஞ்சம், கொஞ்சம். நேற்றைவிட இன்று ஒரு துளி கூடுதல். அதுவே போதும். ஒரேயடியாகச் செய்கிற மாற்றம் நிற்காது" என்றார். மைக் கரகரத்தாலும் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. சுண்டல் வாங்க வந்த மூன்று பேரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். சுண்டலை மறந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஆலோசனை. புது ஓடு ஒன்று வாங்கிச் சுவரோரம் சாத்தியிருந்தது.

"மாட்டிரலாமாண்ணே?" என்றான் இருளப்பன்.

மாடக்கண்ணு மூத்தவன். தாடையைத் தடவினான். "அவசரப்படாதலே. முழு ஓட்டையும் ஒரேயடியா மாட்டினா அது ஒரேயடியா செய்யுற மாற்றம் இல்லையா? நிக்காதுன்னு மைக்ல சொன்னாரே."

"அப்போ என்ன செய்ய?"

"ஓடு முழுசா இருக்கிறதாலதான் இந்தச் சிக்கல்" என்றான் கொண்டல்சாமி. "உடைச்சிருவோம். தினமும் ஒரு சில்லு வைப்போம்."

மாடக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மச்சானுக்கு இவ்வளவு மூளையா! இத்தனை நாள் எங்கடா வச்சிருந்தே?"

புது ஓட்டை உலக்கையால் பொறுமையாக, சில்லு சில்லாக உடைத்தார்கள். அன்றைக்கு ஒரு சில்லைக் களிமண் தடவி ஓட்டையின் ஓரத்தில் ஒட்டினார்கள். மறுநாள் களிமண் காய்ந்து சில்லு தொட்டிலுக்குள் விழுந்தது. அவர்கள் கவனிக்கவில்லை. முன்னேற்றத்தில் இருக்கிறவர்கள் கீழே பார்ப்பார்களா? அடுத்த சில்லை ஒட்டினார்கள். இப்படியே போயிற்று.

அடுத்தது எழுந்திருக்கிற விஷயம். நேற்றைவிட இன்று கொஞ்சம் முந்தி. இதில் இருளப்பனை ஒரு குறையும் சொல்ல முடியாது. மத்தியானத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து இட்லி வேகிற நேரத்துக்கு வந்தான். அப்புறம் சாணி தெளிக்கிற நேரம். அப்புறம் சேவல் கூவுகிற நேரம். எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்த மனுஷர் மைக்கில் சொல்லவில்லையே! இவனும் நிறுத்தவில்லை. சேவலைத் தாண்டினான். ஊர் படுக்கிற நேரத்துக்கு எழுந்தான். விளக்கு வைக்கிற நேரத்துக்கு எழுந்தான். கடைசியில் உச்சி வெயிலில் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து வந்து நின்றான்.

"என்னலே, பழையபடி மத்தியானம் எழுந்திரிக்கே?" என்று தெருவில் யாரோ கேட்டார்கள்.

"பழையபடி இல்லை. இது நாளைக்கு எழுந்திரிக்க வேண்டியது. இன்னைக்கே எழுந்திரிச்சுட்டேன்" என்றான் இருளப்பன்.

கேட்டவரும் கூழாங்குளத்துக்காரர்தான். அசந்துபோய்த் தலையாட்டிவிட்டுப் போனார்.

மிச்சம் இருந்தது நடந்து போய்க் கூப்பிடுவது. முள்ளிப்பட்டி அப்படியொன்றும் தூரம் இல்லை. கண்மாய்க் கரையோடு நடந்தால் வெற்றிலை மென்று துப்புவதற்குள் போய்விடலாம். ஆனால் ஒரேயடியாகப் போகலாமா? முதல் நாள் வாசல் வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்து படுத்தான். மறுநாள் தெருமுனை. அதற்கு மறுநாள் பெரிய குழப்பம் வந்தது.

"நேத்து எதுவரைக்கும் போனேன்னு மறந்துட்டேன் மச்சான்" என்றான் இருளப்பன்.

"ஒரு கல்லை வைக்கலாம்" என்றான் மாடக்கண்ணு.

"கல்லா? ஊர் பூராவும் கல்லு கிடக்குண்ணே. எது நம்ம கல்லுன்னு அதுகிட்டயா கேக்க முடியும்?" கொண்டல்சாமி யோசித்தான். "செருப்பை விட்டுட்டு வா. உன் செருப்பு உனக்குத் தெரியும்ல?"

அன்றிலிருந்து அதுதான் முறை. போன இடத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இருளப்பன் வெறுங்காலோடு வீட்டுக்கு வருவான். மறுநாள் வெறுங்காலோடு போய், செருப்பைக் கண்டதும் மாட்டிக்கொண்டு ஒரு பத்தடி நடப்பான், கழற்றி வைப்பான், திரும்புவான். செருப்பு நாளுக்கு நாள் முன்னேறியது. காலில் நாளுக்கு நாள் முள் ஏறியது. மாலையில் கொண்டல்சாமி ஊக்கால் முள்ளைக் குத்தி எடுத்துக்கொண்டே, "மச்சான், செருப்பு தேயவே இல்லை பாத்தியா? எவ்வளவு மிச்சம்!" என்பான்.

இப்படி ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, புரட்டாசியும் போயிற்று. ஐப்பசி பிறந்து, கிழக்கே மேகம் கறுத்துத் திரள ஆரம்பித்தபோது, செருப்பு ஒருவழியாக மாமனார் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. இருளப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளேயிருந்து பாப்பா சிரிக்கிற சத்தம் கேட்டது. ஆனாலும் அன்றைக்கு உள்ள பங்கு முடிந்துவிட்டதே! மனதைக் கல்லாக்கிக்கொண்டு, செருப்பை வாசலில் ஜோடியாக வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பினான்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததுதான் கூத்து. மாமியார் கோலமாவுக் கிண்ணத்தை எடுக்க வந்தவள் செருப்பைப் பார்த்தாள்.

"ஏட்டி செம்பகம்! மாப்பிள்ளை வந்திருக்காக!"

செம்பகம் ஓடி வந்தாள். இடது வாரில் அவள் தன் சேலைக் கிழிசலால் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டாள். மாமியார் விடைக் கோழியைப் பிடித்தாள். அம்மி அரைத்தது, குழம்பு கொதித்தது, இலை போட்டாயிற்று. மாப்பிள்ளையை மட்டும் காணோம்.

"கூச்சப்பட்டு எங்கேயோ நிக்காரு போல" என்று மாமனார் வைக்கோல் படப்புக்குப் பின்னால் பார்த்தார். மாட்டுக் கொட்டகையில் பார்த்தார். கிணற்றுக்குள் குனிந்து, "மாப்பிள்ளே, சாப்பாடு ஆறுது" என்றும் சொல்லிப் பார்த்தார். கடைசியில் பெரியவர்கள் இரண்டு பேரும் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்கள். செம்பகம் சாப்பிடவில்லை.

மறுநாள் இருளப்பன் வந்தான். செருப்பை மாட்டினான். ஒரு அடி எடுத்து வைத்தால் வீட்டுக்குள். அங்கேதான் மாட்டிக்கொண்டான். செருப்புக் காலோடு யாராவது வீட்டுக்குள் போவார்களா? போகாவிட்டால் இன்றைய முன்னேற்றம்? நிலைப்படியில் ஒரு காலைத் தூக்குவதும் இறக்குவதுமாக நின்றான்.

செம்பகம் பிள்ளையோடு வந்து எதிரே நின்றாள்.

"நேத்து வந்தது நீங்களா, உங்க செருப்பா?"

"நேத்து வாசல் வரைக்கும்தான் செம்பகம். உள்ள வர்றது இன்னைக்கு."

"உங்களுக்குக் கோழி அடிச்சுக் குழம்பு வச்சோமே!"

"மிச்சம் இருக்கா?"

அவள் பல்லைக் கடித்தாள். "ஓட்டை மாத்தியாச்சா?"

"மாறிக்கிட்டே இருக்கு. இன்னும் கொஞ்சம் சில்லுதான் பாக்கி."

"என்ன சில்லு?"

"புது ஓட்டுச் சில்லு. நாங்களே வாங்கி நாங்களே உடைச்சோம்" என்று இருளப்பன் நெஞ்சை நிமிர்த்தினான்.

"வெள்ளன எழுந்திரிக்கிறதாவது உண்டா?"

"வெள்ளனயா? அதையெல்லாம் தாண்டி எம்புட்டு நாளாச்சு!"

செம்பகம் கிழக்கே பார்த்தாள். மேகம் இறங்கி வந்திருந்தது. இவர்கள் திருந்தி முடிக்கிறதுக்குள் இடுப்பில் இருக்கிறவளுக்கே கல்யாணம் ஆகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. உள்ளே போய், அப்பா கொல்லையில் அடுக்கி வைத்திருந்ததில் நல்ல ஓடு ஒன்றை எடுத்துத் தலையில் வைத்தாள். துணி மூட்டையைப் புருஷன் கையில் திணித்தாள். "நடங்க" என்றாள்.

"இன்னைக்கேவா? முழுசாவா?" இருளப்பன் பதறினான். "இன்னைக்குக் கண்மாய்க் கரை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயேன். நாளைக்கு..."

அவள் பார்த்த பார்வையில் அந்த "நாளைக்கு" தொண்டையிலேயே கட்டிக்கொண்டது. பெண் பார்க்கப் போன அன்றைக்கு மாதிரியே வாய் மூடி நடந்தான்.

வீட்டில் தொட்டில் நிறைய ஓட்டுச் சில்லு. மேலே ஓட்டை அப்படியே இருந்தது. மாடக்கண்ணுவும் கொண்டல்சாமியும் அண்ணாந்து பார்த்து, புதுச் சில்லுக்குக் களிமண் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

செம்பகம் பிள்ளையைப் பாயில் கிடத்தினாள். ஏணியைச் சாத்தினாள், ஏறினாள், உள்ளிருந்தபடியே உடைந்த ஓட்டை உருவினாள், புது ஓட்டைச் சொருகினாள், இறங்கினாள். சோற்றுப் பானையில் கஞ்சி வடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

மூன்று பேரும் இழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

"முழுசா வச்சுட்டாளே!" என்றான் மாடக்கண்ணு.

"ஒரே நாள்ல!" என்றான் கொண்டல்சாமி.

"அவளுக்குத் தெரியாதுண்ணே, அன்னைக்குக் கூட்டத்துல அவ இல்லையே" என்று இருளப்பன் பெண்டாட்டிக்காகப் பரிந்து பேசினான்.

"தெரியலைன்னாலும் வீடு தாங்கணும்லலே?" என்றான் மாடக்கண்ணு. "கழட்டிர வேண்டியதுதான். கழட்டி, உடைச்சு, முதல்ல இருந்து ஆரம்பிப்போம். வாங்க, வெளியே போய்ப் பேசி முடிவு பண்ணுவோம்."

பேச முற்றத்துக்கு இறங்கினார்கள். பின்னாலேயே கதவு சாத்துகிற சத்தம். தாழ்ப்பாளும் விழுந்தது. ஏணி உள்ளே, ஓடு உள்ளே, பிள்ளை உள்ளே.

வானத்திலிருந்து ஒரு துளி மாடக்கண்ணுவின் மொட்டைத் தலையில் விழுந்தது.

"செம்பகம், கதவைத் திற! மழை வருது!" என்று கத்தினான் இருளப்பன்.

ஜன்னல் வழியாக அவள் குரல் வந்தது. "ஒரேயடியா உள்ள வந்தா நிக்குமாங்க? கொஞ்சம் கொஞ்சமா வாங்க. இன்னைக்கு முற்றம். நாளைக்கு வாசப்படி. உங்க செருப்புதான் எப்பவும் உங்களுக்கு முன்னாடி போகுமே, அதை மட்டும் இப்பக் குடுங்க."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாடக்கண்ணுவின் முகம் மலர்ந்தது.

"கேட்டியாலே? புரிஞ்சுக்கிட்டா! கூட்டத்துக்கு வராமலேயே புரிஞ்சுக்கிட்டா!"

"மழையைப் பாருங்கண்ணே, அதுவும் தூறலாத்தான் ஆரம்பிக்குது" என்றான் கொண்டல்சாமி. "அதுக்கும் விஷயம் தெரிஞ்சிருக்கு."

இருளப்பன் செருப்பைக் கழற்றித் துடைத்து ஜன்னல் கம்பி வழியாக நீட்டினான். செம்பகம் வாங்கித் தொட்டிலுக்கு அந்தப் பக்கம், நனையாத மூலையில் வைத்தாள். தொட்டிலில் கிடந்த சில்லையெல்லாம் தட்டிவிட்டுப் பிள்ளையைப் போட்டாள். ஒரு துளி விழவில்லை.

முற்றத்தில் மழை வலுத்துவிட்டது. இருளப்பன் கண்ணில் வழிகிற தண்ணீரைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் தன் செருப்பையே பார்த்தான். அவனுக்குச் சந்தோஷம் தாளவில்லை.

"மச்சான், செருப்பு குடும்பம் நடத்த ஆரம்பிச்சிருச்சு" என்றான். "இனி நான் போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி."