துஷ்டி கேக்க வராத டாக்டர்

குருன்னதும் தாடியும் கமண்டலமுமா ஒரு ஆளைத் தேடாதீங்க. நெடுங்கரையில குருன்னா அது டாக்டர் பிலோமினாதான். பருத்திச் சேலை, கழுத்துல ஸ்டெதஸ்கோப்பு, ஒரு ஓட்டை மொபெட்டு. வண்டி மெதுவாத்தான் போகும், வாய் அப்படி இல்ல.

சீடன் அவங்களை விட வயசுல மூத்தவரு. டாக்டர் மாசானமுத்து. மெட்ராஸ்ல ஒரு பெரிய கண்ணாடி ஆஸ்பத்திரியில காலத்தைத் தள்ளிட்டு, "சின்ன ஊர்ல அமைதியா வைத்தியம் பாப்போம்"னு வந்தவரு. அமைதியாம்! வந்த வாரமே டீக்கடையில ஒருத்தன் சட்டையைத் தூக்கி முதுகுக் கட்டியைக் காமிச்சான். கோயில்ல தீபாராதனை நடக்கையில ஒரு அம்மா அவர் முன்னால நாக்கை நீட்டிச்சு. காளியாத்தாளே திரும்பிப் பாத்திருப்பா.

அன்னைக்கே நேரா பிலோமினாகிட்ட போயி நின்னாரு. "மேடம், இந்த ஊர்ல டாக்டரா இருக்கறது எப்படின்னு நீங்கதான் சொல்லித் தரணும்."

"சட்டைப் பையில ஒரு டார்ச்சு வச்சுக்கங்க. டீக்கடையில வெளிச்சம் பத்தாது."

பாடம் அப்படித்தான் ஆரம்பிச்சுது.

ஒரு நாள் சாயங்காலம், மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தாரு.

"நான் ஊரைக் காலி பண்ணப் போறேன் மேடம்."

"ஏன், வீட்டுக்காரரு விரட்டுறாரா?"

"சுடலைக்கண்ணு."

பிலோமினா கேலியை அப்படியே நிறுத்திட்டாங்க.

சுடலைக்கண்ணுங்கறது மாசானமுத்து கிளினிக்குக்கு எதுத்தாப்புல இட்லிக்கடை வச்சிருந்த மனுசன். அவரு மாவாட்டுவாரு, பொண்டாட்டி செண்பகம் இட்லி ஊத்துவா. நம்ம டாக்டருக்குக் காலைச் சாப்பாடு அங்கதான். போன மாசம் அந்த மனுசன் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டைத் தாண்டி கிளினிக்குக்கு வந்தாரு. செண்பகம் அப்ப வெளியூர்ல மக வீட்டுக்குப் போயிருந்தா. செய்ய வேண்டியதை எல்லாம் செஞ்சு, ஆம்புலன்ஸ்ல ஏத்தி, மாசானமுத்துவும் கூடவே ஏறிக்கிட்டாரு. ஜில்லா ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரியறதுக்குள்ள ஆளு போயிட்டாரு.

அதுக்கப்புறம் மாசானமுத்து துஷ்டிக்கும் போகல. அங்கதான் தப்பு பண்ணாரு. இந்தப் பக்கம் ஒரு வீட்டுல சாவுன்னா, பகையாளிகூட வந்து கொஞ்ச நேரம் உக்காந்துட்டு, சொல்லிக்காம எந்திரிச்சுப் போவான். அதான் துஷ்டி கேக்கறது. மெட்ராஸ்ல இவருக்கு அந்தப் பழக்கம் இல்ல. அங்க நோயாளி செத்தா, சொந்தக்காரங்க ஒரு லிஃப்ட்ல கீழ போவாங்க, டாக்டர் இன்னொரு லிஃப்ட்ல மேல போவாரு. நெடுங்கரையில ஏது லிஃப்டு? மாடியே கெடையாது.

அதனால கருமாதி முடிஞ்சு கடை திறந்ததுல இருந்து, டாக்டர் கருவேலங்காட்டுக்குள்ள பூந்து பின்வாசல் வழியாத்தான் கிளினிக்குக்குப் போறாரு. காலையில தனியா உக்காந்து பன்னைத் தின்னுக்கிட்டு.

"அந்தம்மா மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"ன்னு கேட்டாரு மாசானமுத்து. "போனா என்ன சொல்றது? அதை மட்டும் சொல்லுங்க மேடம். சொல்லத் தெரிஞ்சா இருக்கேன், தெரியலைன்னா கெளம்பறேன்."

பிலோமினா கூடையைக் கையில எடுத்தாங்க. "மீன் வாங்கணும். வாங்க."

"நான் என்ன கேக்கறேன், நீங்க..."

"காது கேக்குது. இருட்டுனா நல்ல மீன் தீந்துரும். நடங்க."

மெயின்ரோட்டுல ஏறினதும் சைக்கிள் கடை லூர்து கத்துனான். "டாக்டரம்மா! வண்டியில பிரேக்கு பிடிக்குதா, இல்ல இன்னமும் காலைத் தேச்சுத்தான் நிறுத்துறீங்களா?"

"என் காலு, நான் தேய்க்கிறேன். உனக்கு எங்கடா வலிக்குது?"

லூர்து சிரிச்சுக்கிட்டே ஸ்டூலைத் தொடச்சுப் போட்டான். உக்கார நேரமில்லைன்னுட்டு நடந்தாங்க.

மீன்காரி பேச்சித்தாய் இடுப்புல கைய வச்சுக்கிட்டுச் சண்டைக்கு நின்னா. "நேத்து ஏன் வரல? எவகிட்ட வாங்குன?"

"நேத்து கருவாடுடி."

"பொய் சொல்லாத. அந்தோணியார் கோயில் பக்கத்துல ஒருத்தி புதுசா கூடை வச்சிருக்கா. எனக்குத் தெரியும்." திட்டிக்கிட்டே நெத்திலியை அளந்து போட்டா. திட்டி முடிச்சுட்டு இன்னொரு கை அள்ளிப் போட்டா.

கொஞ்சம் தள்ளி, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு வாத்தியார் சைக்கிளை விட்டு எறங்கி, கையெடுத்துக் கும்பிட்டாரு. ஒரு வார்த்தை பேசல. மறுபடி ஏறிப் போயிட்டாரு.

மாசானமுத்துக்கு வயித்தெரிச்சல். "நீங்க எத்தனை பேரைக் காப்பாத்திருக்கீங்க! ஊரே கும்பிடுது. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்ல."

"காப்பாத்துனவனா? அவன் எங்க கும்பிடுறான்? நல்லாயிட்டா மறுநாளே மறந்துருவான். அந்தா, டீக்கடையில பீடி குடிக்கிறான் பாருங்க. பாம்புக்கடி. பக்கத்துலயே உக்காந்து பொழைக்க வச்சேன். என்னைப் பாத்தா அந்தப் பீடியைக்கூட மறைக்க மாட்டேங்கறான்."

"அப்ப இவங்கள்லாம்?"

"லூர்துக்கு மூத்த பையன், மஞ்சக்காமாலை. பேச்சித்தாய்க்கு மக, தலைப்பிரசவம். வாத்தியாருக்கு வீட்டம்மா." பிலோமினா கூடையைக் கை மாத்திக்கிட்டாங்க. "எல்லாம் என் கையிலயே உசுரை விட்டவங்க."

மாசானமுத்து நடுரோட்டுல நின்னுட்டாரு. பின்னால வந்த மினி பஸ் டிரைவர் தலையை வெளிய நீட்டினான். "டாக்டரய்யா, ஓரமா நின்னு யோசிங்க!"

ஓரமா வந்து கேட்டாரு. "துஷ்டிக்குப் போனீங்களா?"

"போனேன். பேச்சித்தாய் செருப்பை எடுத்து வீசுனா. அதை எடுத்து வாசல்ல வச்சுட்டு, உள்ள போயி உக்காந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அழுதோம்."

அதுக்கு மேல கேக்கறதுக்குள்ள இட்லிக்கடை வந்துருச்சு. செண்பகம் அடுப்பைப் பத்த வச்சுக்கிட்டிருந்தா.

"நான் என்ன சொல்லணும்னு நீங்க சொல்லவே இல்லியே!"ன்னு கிசுகிசுத்தாரு மாசானமுத்து.

"இப்பப் பேசற முறை உங்களது இல்ல, அந்தம்மாவோடது. போயி உக்காருங்க."

போயி உக்காந்தாரு. பெஞ்சு ஒரு பக்கமா ஆடிச்சு. செண்பகம் நிமிந்து பாத்தா.

"வழி தெரிஞ்சுதா டாக்டரய்யா? கருவேலங்காட்டுக்குள்ள அப்படிப் பூந்து பூந்து போறீங்களே, முள்ளு குத்தலையா?"

"செண்பகம்மா... என்னால முடிஞ்சதை எல்லாம் பாத்தேன். முடியல."

"முடியலைன்னு எனக்குத் தெரியாதா? முடிஞ்சிருந்தா அவருல்ல இங்க நிப்பாரு? அதையா நான் கேட்டேன்?" ஊதுகுழலைக் கீழ வச்சா. "எல்லாரும் வந்தாக. சொத்துத் தகராறுல பேசாம இருந்த அவரு தம்பிகூட வந்தாரு. நான் உங்களைத்தான் எதிர்பாத்து வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன். அவரு கடைசியா பேசுனது உங்ககிட்டத்தான? என்ன சொன்னாருன்னு நான் வேற யாருகிட்ட போயிக் கேப்பேன்? அதை எடுத்துக்கிட்டுல்ல ஒளிஞ்சுக்கிட்டீங்க."

மாசானமுத்துக்கு அப்பத்தான் ஒறச்சுது. இத்தனை நாளும் அவரு திரும்பத் திரும்ப நெனச்சுப் பாத்ததெல்லாம் ஊசியும் மருந்தும் நேரமும்தான். அந்த மனுசன் பேசுனதை அவரு ஒரு பொருட்டாவே நெனைக்கல.

"பெருசா ஒண்ணும் சொல்லலம்மா. மாவைப் பத்திதான் பேசுனாரு."

"மாவா?"

"மாவைச் சின்னக் குண்டான்ல விட்டுட்டேன், பொங்கி வழிஞ்சிரும், பெருசுல மாத்தச் சொல்லுங்க. இல்லைன்னா அவ வந்து கத்துவான்னாரு."

செண்பகம் ஒரு நிமிஷம் அவரையே பாத்தா. அப்புறம் சிரிச்சா. "போற நேரத்துலயும் நான் கத்துவேன்னு பயமா அந்த மனுசனுக்கு!" சிரிச்ச வாயை முந்தானையால பொத்துனா. தோளு குலுங்குச்சு. "வந்து பாத்தப்போ தரையெல்லாம் மாவுதான்யா. நான் கத்தல."

முந்தானையை உதறிச் செருகிக்கிட்டு ஊதுகுழலை எடுத்தா. அடுப்பு புகைஞ்சுக்கிட்டிருந்துச்சு.

"ரொம்ப வலிச்சுதா அவருக்கு?"

"வலிச்சுச்சும்மா. ஊசி போட்டதும் கொறஞ்சுது. என் கையைப் பிடிச்சுக்கிட்டே வந்தாரு."

"இறுக்கியா?"

"எலும்பு நொறுங்கிருமோன்னு நெனச்சேன்."

"மாவாட்டுன கையில்ல," அப்படின்னா செண்பகம். சொல்றப்ப ஒரு பெருமை இருந்துச்சு.

மாசானமுத்து அந்தக் கையைப் பாத்தாரு, தன்னோட கையத்தான். பாத்துக்கிட்டே இருந்தவரு அழுதுட்டாரு. டாக்டர் அழுததைப் பாத்து இட்லி வாங்க வந்த ஒருத்தன் திரும்பிப் போகப் பாத்தான். "எங்க போற? நில்லு, இப்ப வெந்துரும்"னு அவனை நிறுத்தி வச்சா செண்பகம்.

அங்கேருந்து எந்திரிச்சு, சொல்லிக்காமத்தான் வந்தாரு மாசானமுத்து. வெளிய பிலோமினா கூடையில ஈ உக்காராம சேலைத் தலைப்பால விசிறிக்கிட்டு நின்னாங்க. ரெண்டு பேரும் நடந்தாங்க. தெருமுனை வந்தப்ப மாசானமுத்து கேட்டாரு.

"இதெல்லாம் எப்ப மேடம் பழகும்?"

"பழகிருச்சுன்னா சொல்லுங்க டாக்டரே. நானே வந்து உங்களை மெட்ராஸ் பஸ்ல ஏத்தி விடறேன்."