காப்பி கை மாறும் இடம்

ஆசிரியை எஸ்தருக்கு முப்பத்தாறு வயது. மாணவர் சிதம்பரதாணுவுக்கு அறுபத்திரண்டு. பாளையங்கோட்டையில் ஒரு தையல் கடைக்கு மேல் மாடியில் ஓவிய வகுப்பு. அவர் படியேறி வந்தபோது, பேத்தியைக் கூட்டிப்போக வந்தவர் என்றே எஸ்தர் நினைத்தார்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் விஷயத்துக்கு வந்துவிட்டார். முப்பத்து மூன்று வருஷம் பள்ளியில் புவியியல் சொல்லிக் கொடுத்தவர். இப்போது கண்ணில் அழுத்த நோய். பார்வையின் ஓரங்கள் ஏற்கெனவே இருட்டிவிட்டன. மிச்சம் ஒரு வருஷம் தாங்கினால் பெரிது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"அதுக்குள்ள இமயமலைய நேர்ல பாத்து வரைஞ்சிரணும் டீச்சர். அடுத்த மாசம் ரயில். பனி வரையச் சொல்லிக் குடுங்க."

எஸ்தர் ஒரு தாளையும் பென்சிலையும் அவர் பக்கம் தள்ளினார்.

"கண்ண மூடிக்கிட்டு இமயமலைய வரைங்க சார்."

மூடினார். கை தயங்கவே இல்லை. மேற்கே தொடங்கிக் கிழக்கே முடித்தார். போகிறபோக்கில் கங்கையையும் கீழே ஓடவிட்டார். கரும்பலகையில் ஆயிரம் தடவை போட்ட மலை அது. எஸ்தருக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"கண்ணத் திறக்காதீங்க. காலைல உங்க வீட்டுல காப்பி குடுப்பாங்கல்ல, அத வரைங்க."

"டம்ளரையா?"

"குடுக்கிறத."

பென்சில் தாளைத் தொட்டு நின்றது. பிறகு ஒரு டம்ளர் வந்தது. எந்த ஓட்டலிலும் இருக்கிற டம்ளர். அதைப் பிடிக்க ஒரு கை வந்தது. அதில் எத்தனை விரல் போடுவது என்பதில் அவருக்கே சந்தேகம்.

"யாரு குடுப்பாங்க?"

"உலகம்மா. என் சம்சாரம்."

"எத்தன வருஷமா?"

"முப்பத்தஞ்சு."

சொன்ன கையோடு அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"டீச்சர், எனக்கு இருக்கிறது ஒரே ஒரு வருஷம். காப்பியக் கண்ணு தெரியாதவனும் குடிக்கலாம். மலையக் கண்ணு தெரிஞ்சாத்தான் பாக்க முடியும்."

"மலைக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கே சார். அது வரைக்கும் இத வரைங்க."

மறுநாள் காலை முன்னறை நாற்காலியில் நோட்டோடு உட்கார்ந்தார். காப்பி வந்தது. தந்த கையை வரைந்து வகுப்புக்கு எடுத்துப் போனார்.

"வளையல் நல்லா வந்திருக்கு" என்றார் எஸ்தர். "இந்தக் கை எங்கேருந்து வருது?"

"அடுப்படியிலேருந்து."

"அங்க போய்ப் பாத்தீங்களா?"

அந்த நேரத்தில் அவர் பேப்பர் படிப்பார். முப்பத்தைந்து வருஷமாக அப்படித்தான்.

அடுத்த நாள் அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"காப்பி அங்க வராமலா போயிரும்? இங்க என்ன வேல உங்களுக்கு?" என்றாள் உலகம்மாள்.

"சும்மாதான். நீ உன் வேலையப் பாரு."

ஓரப் பார்வை இல்லாததால் ஒவ்வொன்றையும் தலையைத் திருப்பித் திருப்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது. முதலில் அடுப்பு. பிறகு பால் பாத்திரம். பிறகு அவள் காப்பி ஆற்றுவது. மேலே உயர்ந்து ஊற்றிய கை இடது கை. கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்துத் துடைத்துக்கொண்டு பார்த்தார். சர்க்கரை போட்டதும் இடது கை. டம்ளரை எடுத்ததும் அதே கை. அவரைப் பார்த்து நாலு எட்டு நடந்து வந்தாள். நிலைப்படிக்கு ஓர் அடி இருக்கும்போது டம்ளர் வலது கைக்கு மாறியது.

"நீ இடது கைக்காரியா?"

"ஆமா."

"வலது கையிலதான எழுதுவ?"

"பள்ளிக்கூடத்துல அடிச்சு மாத்துனாங்க. நாலு பேர் பாக்க எல்லாம் வலது கைதான். தனியா நின்னா இதுதான் முந்திக்கிட்டு வருது."

"பின்ன இங்க வந்து ஏன் மாத்துற?"

"நல்லா இருக்கே! உங்களுக்கு இடது கையிலயா நீட்டுறது?"

அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. காப்பி ஆறிப்போனது.

அதன் பிறகு அவர் வேறு எதையும் வரையவில்லை. கை மாறும் அந்த இடத்தை மட்டும் வரைந்தார். தினமும் ஒரே ஒரு தடவைதான் அது நடக்கும். அதுவும் கண்ணிமைக்கும் நேரம். ஒரு நாள் பார்த்ததை வரைந்து, தப்பிப்போனதை மறுநாள் பார்த்து, கிழித்துவிட்டுத் திரும்ப வரைந்தார். "இன்னைக்காவது சரியா வந்துச்சா?" என்று உலகம்மாளே கேட்கத் தொடங்கிவிட்டாள். ஆனால் அவர் எவ்வளவு கெஞ்சியும் மெதுவாகச் செய்து காட்ட மட்டும் அவளுக்கு வரவில்லை.

இருபத்து நான்காவது நாள் வகுப்புக்கு வந்தவர், யாரும் சொல்லாமலே கண்ணை மூடிக்கொண்டு பென்சிலை எடுத்தார். தாளில் இடது கை விரல்கள் டம்ளர் விளிம்பை இன்னும் முழுதாக விடவில்லை. வலது உள்ளங்கை அடியில் வந்துவிட்டது. சூட்டுக்காகச் சேலைத் தலைப்பின் ஒரு மடிப்பு நடுவில் இருந்தது.

எஸ்தர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"இத நான் வரைஞ்சிருக்கணும்" என்றார்.

பரிசு வாங்கிய பையன்போல் ஆகிவிட்டார் சிதம்பரதாணு. தாளைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

"நாளைக்கு ரயில் டீச்சர். அங்க போனதும் முதல்ல எதப் பாக்கணும்?"

"அவங்க காப்பிய எதுல குடிப்பாங்க சார்?"

"யாரு?"

"உங்க வீட்டுல. அவங்க."

வாயைத் திறந்தார். பிறகு கண்ணை மூடிப் பார்த்தார். அடுப்பு வந்தது. பால் பாத்திரம் வந்தது. அவருடைய டம்ளர் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. கீழே தையல் மெஷின் ஓடி நின்றது.

"ரயில் எத்தன மணிக்கு?" என்று எஸ்தர் கேட்டார்.

"சாயங்காலம் அஞ்சரைக்கு."

"அப்ப காலைக் காப்பி ஒண்ணு இருக்கு."