கரிப்பொட்டும் செம்மண் கோடும்

அந்தக் காலத்தில் கோழிகள் பேசின. மனுஷர்களும் அவற்றுக்குப் பதில் சொன்னார்கள். யார் வீட்டுக் கொத்தமல்லிப் பாத்தியை யார் கிளறியது என்கிற சண்டையிலேயே இரண்டு தரப்புக்கும் பாதி நாள் போய்விடும். மீதிப் பாதி நாளில்தான் வேலை நடந்தது.

அந்தக் காலத்துக் கோழிக்கு, இன்றைய கோழிக்குத் தெரியாத ஒரு வித்தை தெரிந்திருந்தது. முட்டையிட்டு எழுந்ததும் காலைச் செம்மண்ணில் தேய்த்து, முட்டை மேல் ஒரு கோடு இழுக்கும். ஒரு கோழியின் கோடு இன்னொரு கோழிக்கு வராது. ஒன்று நேராக இழுக்கும், ஒன்று வளைத்து இழுக்கும், ஒன்று கோட்டின் கடைசியில் நகத்தால் ஒரு புள்ளி குத்தும். அடைக்கு உட்காரும்போது கோட்டைப் பார்த்துத் தன்னுடையதை மட்டும் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொள்ளும். அடுத்த கோழியின் முட்டை தவறி உருண்டு வந்துவிட்டால் காலால் ஒரே எத்து. அதனால் ஒரு தாய்க்கோழி செத்தால் அது இட்ட முட்டைகளும் அதோடு போயின. இதைக் கொடுமை என்று யாரும் நினைக்கவில்லை. இதுதான் வழக்கம் என்று இருந்துவிட்டார்கள்.

செம்மண்விளை என்ற ஊரில் சீனியம்மாள், மாடத்தி என்று இரண்டு ஓரகத்திகள் இருந்தார்கள். அண்ணனைக் கட்டியவள் சீனியம்மாள், தம்பியைக் கட்டியவள் மாடத்தி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நேரில் சிரித்துப் பேசுவார்கள், சுவருக்கு அந்தப் பக்கம் போனதும் முணுமுணுப்பார்கள். பெரிய பகை ஒன்றும் கிடையாது. ஓரகத்திகளுக்குள் இருக்க வேண்டிய அளவுக்கு இருந்தது, அவ்வளவுதான்.

மாடத்தி கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது, தாய்வீட்டிலிருந்து ஒரு வெள்ளைக் கோழிக்குஞ்சை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். அதன் வம்சம்தான் அவள் முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. அவளுடைய அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. கொடுத்துவிட்ட புடவை கிழிந்து கந்தலாகிவிட்டது, செம்பு நசுங்கிவிட்டது. தாய்வீட்டிலிருந்து வந்தவற்றில் உயிரோடு நடமாடுவது அந்த வெள்ளைக் கோழிகள் மட்டும்தான். காலையில் அவற்றுக்குக் குருணை இறைக்கும்போது அம்மாவிடம் பேசுவது போலவே பேசுவாள்.

அந்த வருஷம் பங்குனி வெயிலில் ஊருக்குள் கோழிச் சீக்கு வந்தது. காலையில் கூவிய சேவல் மத்தியானம் கழுத்தைத் தொங்கப் போட்டது. ஒன்பதே நாளில் செம்மண்விளையின் முற்றங்கள் வெறிச்சென்று ஆகிவிட்டன. மிஞ்சியது ஊர்க்கோடியில் ஒரு கருஞ்சேவல், சீனியம்மாள் வீட்டில் செவத்தி என்கிற சிவப்புப் பெட்டைக்கோழி, இரண்டே உயிர்தான். மாடத்தியின் கடைசிக் கோழியான வெள்ளச்சி, ஏழு முட்டையிட்டு முடித்து, அடைக்கு உட்கார வேண்டிய நாளில் தலை சாய்ந்துவிட்டது.

மாடத்தி அந்த ஏழு முட்டைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள். செவத்தி அன்று காலையில்தான் தன்னுடைய ஏழு முட்டைகளின் மேல் அடைக்கு உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இந்த ஏழும் அதன் வயிற்றுக்கடியில் போனால் தாய்வீட்டு வம்சம் பிழைக்கும். போகாவிட்டால் இதோடு முடிந்தது. முட்டைகளைச் சின்ன ஓலைக் கொட்டானில் எடுத்து வைத்தாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து, அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து, ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பொட்டு வைத்தாள்.

எதற்கு? ஓரகத்தி வீட்டில் கொண்டுபோய் வைக்கிறோமே, நாளைக்கு உன்னுடையது எது, என்னுடையது எது என்று பேச்சு வந்தால் அடையாளம் வேண்டாமா? பொட்டு ஓட்டில்தான் இருக்கும், பொரித்து வரும் குஞ்சின் நெற்றியில் இருக்காது என்பது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. நம்பாத மனசுக்கு இதெல்லாம் தோன்றாது.

சீனியம்மாள் கொட்டானை எட்டிப் பார்த்தாள். கரிப்பொட்டுகளையும் பார்த்தாள். 

"அடையில இருக்கவ எம்பேச்சக் கேப்பாளா? நீயே அவகிட்டக் கேளு" என்றாள்.

வீட்டு மூலையில் கூடைக்குள் உட்கார்ந்திருந்த செவத்தி சிறகைச் சிலிர்த்தது. "சின்னாத்தா, எனக்கு உங்க மேல வருத்தம் ஒண்ணுமில்ல. ஆனா அது வெள்ளச்சி போட்ட கோடு. அவ கோட்டு மேல நான் எப்படி உக்காருவேன்? எங்க வழக்கத்துல இல்ல."

"அவ செத்துப் போயிட்டாளே."

"தெரியும். கேட்டதுலேருந்து நானும் சரியா எர எடுக்கல. அதுக்காக வழக்கத்த விட முடியுமா? பத்தாததுக்கு என் வயிறு ஏழுக்குத்தான் பத்தும்."

மாடத்தி கெஞ்சிப் பார்த்தாள். கம்பு கொண்டுவந்து வைத்தாள். செவத்தி அதைக் கொத்தக் குனிந்த சமயம் பார்த்து, ஒரு முட்டையை மெல்லக் கூடையின் ஓரத்தில் நுழைத்தாள். செவத்தி தலையைத் திருப்பியது. வெள்ளை ஓட்டில் அத்தனை பெரிய கறுப்புப் பொட்டு. கோட்டைத் தேடிப் பார்க்கக்கூட வேலை வைக்கவில்லை. காலைத் தூக்கி ஒரே எத்து. முட்டை உருண்டு போய் ஆட்டுக்கல்லில் மோதி உடைந்தது.

மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். மஞ்சள் கரு மண்ணில் பரவி நின்றது. மாடத்தி அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"எங்கம்மா வீட்டுலேருந்து வந்ததுல இதுதான்க்கா மிச்சம். இன்னும் ஆறுதான் இருக்கு."

சீனியம்மாளுக்கு இரக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனதில் கிடந்ததைச் சொல்லாமல் விட அவளால் முடியவில்லை. "ஏளா, பொட்டு வச்சது யாரு? நானா, அவளா? எங்க வீட்டுல வச்சா நான் அமுக்கிருவேன்னு நெனச்சுத்தான பொட்டு வச்ச? அந்தப் பொட்டுதான் உன் முட்டையக் காட்டிக் குடுத்துருச்சு."

 சீனியம்மாள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஆறு முட்டையையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்று அவள் வீட்டில் உலை வைக்கவில்லை.

மறுநாள் உச்சி வெயிலில் திரும்பி வந்தாள். அடைக்கோழி நாளுக்கு ஒரு தடவை எழுந்து போகும். எரை எடுத்து, தண்ணீர் குடித்து, புழுதியில் புரண்டுவிட்டு வர வேண்டும் அல்லவா? செவத்தி அப்படித்தான் கொல்லைப்பக்கம் போயிருந்தது. கூடையில் ஏழு முட்டைகள் செம்மண் கோடுகளோடு கிடந்தன.

"அக்கா, உன் அடுப்புச் சாம்பல் கொஞ்சம் வேணும்."

"எதுக்கு?"

"எல்லா முட்டையையும் சாம்பல்ல தேய்க்கப் போறேன். என்னுது ஆறு, உன்னுது ஏழு. பொட்டும் போவட்டும், கோடும் போவட்டும்."

சீனியம்மாள் யோசித்தாள். அவளுக்கும் இது சும்மா விஷயம் இல்லை. ஊரில் இருப்பது ஒரே ஒரு பெட்டைக்கோழி. அது கோபித்துக்கொண்டு அடையை விட்டு எழுந்துவிட்டால் பதின்மூன்றும் போகும். இருக்கிற ஒரு சேவலுக்குப் பிறகு செம்மண்விளையில் கூவ ஆளிருக்காது.

"அவ எந்திரிச்சுப் போயிட்டா?"

"போவ மாட்டா."

"எப்படிச் சொல்லுத?"

"அவளுது ஏழு அதுக்குள்ள கிடக்குல்லா. எப்படிப் போவா?"

சீனியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பொறவு உன்னுது எதுன்னு உனக்கே தெரியாமப் போவும். வெள்ளச்சி வம்சம் எதுன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். உசுரோட இருந்தாப் போதும்" என்றாள் மாடத்தி.

சீனியம்மாள் எழுந்து போய், தானே முறத்தில் சாம்பலை அள்ளிக்கொண்டு வந்தாள்.

மாடத்தி ஒவ்வொரு முட்டையாக எடுத்துச் சாம்பலில் உருட்டி உள்ளங்கையால் தேய்த்தாள். கரி மறைந்தது. செம்மண்ணும் மறைந்தது. பதின்மூன்றும் ஒரே சாம்பல் நிறமாகின. பிறகு கண்களை மூடிக்கொண்டு இரண்டு கைகளாலும் அவற்றை மெல்லக் கலைத்தாள். மீதிச் சாம்பலைக் கூடையில் பரப்பி, மேலே வைக்கோல் வைத்து, பதின்மூன்றையும் அடுக்கினாள். கண்ணைத் திறந்தபோது அவளுடைய அம்மா வீடு எந்த முட்டையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.  

செவத்தி புழுதியை உதறிக்கொண்டு வந்தது. கூடையைப் பார்த்தது. ஒரு சுற்று சுற்றி வந்து மறுபடி பார்த்தது.

"என் கோடு எங்க?"

மாடத்தி கையிலிருந்த சாம்பலைத் தட்டினாள்.

"ஆத்தா, என்னுது எது?"

"எனக்குத் தெரியாது" என்றாள் சீனியம்மாள். அது நிஜம்.

"சின்னாத்தா, உங்களுது எது?"

"எனக்கும் தெரியாது. கண்ண மூடிட்டுத்தான் கலைச்சேன்."

செவத்திக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல. சிறகை விரித்துக் கொக்கரித்தது. அந்தக் கொக்கரிப்பில் ஊர்க்கோடிக் கருஞ்சேவலே நடுங்கிவிட்டதாம். பிறகு ஓரத்தில் இருந்த முட்டையை எத்தக் காலைத் தூக்கியது. தூக்கிய கால் அப்படியே நின்றது. இது வெள்ளச்சியுடையதாக இருந்தால் சரி. தன்னுடையதாக இருந்தால்? காலை இறக்கி அடுத்த முட்டையிடம் போனது. அங்கேயும் அதே கேள்வி. பதின்மூன்று முட்டைக்கும் பதின்மூன்று தடவை காலைத் தூக்கியது, பதின்மூன்று தடவையும் இறக்கியது. கடைசியில் கூடைக்குள் ஏறி, வயிற்றைத் தாழ்த்தி உட்கார்ந்தது.

உட்கார்ந்தால் ஆயிற்றா? அது ஏழுக்கு அளவான வயிறு. ஆறு முட்டை ஓரத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் செவத்திக்கு மனசு கேட்கவில்லை. ஓரத்தில் இருப்பது தன் பிள்ளையாக இருந்து குளிரில் விறைத்துப்போனால் என்ன செய்வது? அலகால் ஒன்றை உள்ளே உருட்டியது. அதற்கு இடம் விட்டு நடுவில் இருந்த ஒன்று ஓரத்துக்குப் போனது. இப்போது இது தன் பிள்ளையாக இருந்தால்? சற்றுப் பொறுத்து அதை உள்ளே உருட்டியது. இப்படியே விடிய விடிய உருட்டியது. அடுத்த நாளும் உருட்டியது. எரைக்குப் போன இடத்திலும் நிலைகொள்ளாமல், பாதியில் ஓடிவந்து புரட்டியது. சீனியம்மாள் தண்ணீர் வைத்தாள். மாடத்தி குருணை வைத்தாள். இரண்டு பேரும் கூடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, சுவரை மறந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

இருபத்தோராம் நாள் காலையில் ஓட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாக விரிசல் விட்டன. சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு குஞ்சுகள். வெள்ளை இருந்தது, சிவப்பு இருந்தது, கறுப்பு இருந்தது, சாம்பல் பூத்த நிறமும் இருந்தது. மாடத்தி தன்னை மறந்து ஒரு வெள்ளைக் குஞ்சை எடுக்கக் கையை நீட்டினாள். செவத்தி அவள் விரலில் நன்றாக ஒரு கொத்து வைத்தது.

"வெள்ளையா இருந்தா வெள்ளச்சி பிள்ளையா? இதுகளுக்கு அப்பன் கருஞ்சேவல். எது எந்த நெறத்துல வரும்னு யாரு கண்டா? எது என்னுதுன்னு எனக்கே தெரியல, உங்களுக்கு எப்படி சின்னாத்தா தெரியும்?"

மாடத்தி விரலைச் சப்பிக்கொண்டு சிரித்தாள். கொத்து வாங்கிச் சிரித்தவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

பதின்மூன்றாவது முட்டை மட்டும் பொரிக்கவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்கள். சீனியம்மாள் அதைக் காதருகே வைத்து ஆட்டினாள். உள்ளே தண்ணீர் தளும்பியது. கூமுட்டை. அதைக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தபோது மாடத்தியின் கண் கலங்கியது. செவத்தியும் பக்கத்தில் வந்து நின்றது. யாருடையது என்று தெரிந்திருந்தால் ஒருத்திதான் அழுதிருப்பாள். சீனியம்மாள் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, இருவரையும் உள்ளே வரச் சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்துச் செவத்தி குஞ்சுகளைக் கொத்திப் பிரித்துவிட்டது. இரண்டு முற்றத்திலும் ஒரே நேரத்தில் குருணை இறைத்தார்கள். இந்தப் பக்கம் வந்தது சீனியம்மாளுக்கு, அந்தப் பக்கம் போனது மாடத்திக்கு. அதில் ஒரு சண்டையும் வரவில்லை. மாடத்தி பக்கம் போனவற்றில் வெள்ளை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் மறுநாள் காலையில் குருணை இறைக்கும்போது, பன்னிரண்டோடும் தன் அம்மாவிடம் பேசுவது போலவே பேசினாள். சீனியம்மாள் வீட்டுக் குஞ்சுகளையும் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துப் பேசினாள்.

செவத்தி அதற்குப் பிறகு முட்டை மேல் கோடு இழுக்கவில்லை. எப்படியும் அழித்துவிடப் போகிறார்கள், இழுத்து என்ன ஆகப் போகிறது? முட்டையிட்டது தான்தான் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டுமே, அதனால் எழுந்ததும் ஊரே கேட்கும்படி கத்த ஆரம்பித்தது. அதன் மகள்களும் கத்தின, பேத்திகளும் கத்தின. நம் பெண்கள் இன்றைக்கும் அடைக்கூடையில் சாம்பல் போடுகிறார்கள். கேட்டால் பேன் அண்டாது என்பார்கள், அதுவும் சரிதான். ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று என்று ஒற்றைப்படையில்தான் முட்டை வைப்பார்கள். உனக்குப் பாதி எனக்குப் பாதி என்று கூடைக்குள்ளேயே யாரும் பிரித்துவிடக் கூடாதாம்.

நம்பாதவர்கள் ஓர் அடைக்கோழியைப் போய்ப் பாருங்கள். அதன் அடியில் பக்கத்து வீட்டு முட்டையை வையுங்கள், வாத்து முட்டையைக்கூட வையுங்கள். எத்தாது. அன்று முதல்தான் அது ஓரத்து முட்டையை நடுவுக்கும் நடுமுட்டையை ஓரத்துக்கும் இருபத்தோரு நாளும் புரட்டிக்கொண்டே இருக்கிறது, ஒருவேளை இதுதான் தன்னுடையதோ என்று.