முப்பத்தெட்டு சதவீதம்

"தம்பி, எந்த இ-புக் ரீடர் வாங்கலாம்னு சொல்லு. இல்லன்னா நான் ஊருக்குப் போறேன்."

இன்னாசி இப்படித்தான் ஆரம்பித்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

சாமியார் செருப்பிலிருந்த மணலைத் தட்டினான்.

சாமியார் என்றால் நிஜச் சாமியார் இல்லை. பெயர் இருளப்பன், ஊர் கமுதி, வயது இருபத்தாறு. ஓமனில் ஒரு கப்பல் பட்டறையில் மணலைப் பீச்சியடித்துத் துரு எடுக்கிறான். தலையில் தூசி தங்கக் கூடாது என்று மொட்டை போட்டான். அதிகம் பேசவும் மாட்டான். வேறென்ன, பெயர் ஒட்டிக்கொண்டது.

இன்னாசிக்கு நாற்பத்தேழு. தூத்துக்குடிக்காரர். அதே பட்டறையில் ஸ்டோர் கீப்பர். வந்து பதினேழு நாள் ஆகிறது. அந்தப் பதினேழு நாளில் மற்றவர்களிடம் அவர் பேசியது இரண்டே வார்த்தை. "கையெழுத்துப் போடுங்க."

"ஊருக்கு ஏன் போகணும்?" என்றான் சாமியார்.

"சுவத்தைப் பாத்துக்கிட்டே ரெண்டு வருஷம் இருக்க முடியாது. மக நர்சிங் படிக்கா. நான் போனா அவ படிப்பு நிக்கும். தெரியும். ஆனா முடியல."

இன்னாசி சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். உள்ளே ஒரு லெட்டர். வேலையை விடுகிறேன் என்று எழுதியது.

கோபமாகச் சொன்னார் என்று எழுதலாம். உண்மையில் அழப்போகிறவர் மாதிரி இருந்தார்.

"படிக்க ஒண்ணு இருந்தா நிப்பேன். ஆறு இஞ்சா, ஏழு இஞ்சா? தண்ணி பட்டா தாங்குமா? லைட்டு வேணுமா? ஆன்லைன்ல புத்தகம் வாங்குற நம்ம ஊர்க் கணக்கு இங்க வேலை செய்யுமா?"

"ஆறு போதும். ஒத்தக் கையில பிடிக்கலாம். கணக்கை ஊர் முகவரியிலயே வச்சிருங்க, தமிழ்ப் புத்தகம் அப்பத்தான் கிடைக்கும். எழுத்து ஒழுங்கா வருதான்னு கடையிலேயே திறந்து பாருங்க. சிலதுல கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிக்கும்."

"ஃபோன்லயே படிச்சா?"

"ஃபோன்ல படிக்கிறவன் நாலாவது பக்கத்துல வீட்டுக்கு அடிச்சிருவான். அப்புறம் எங்க படிக்க?"

இன்னாசி சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை லீவு. நானே கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்றான் சாமியார். "வாங்கியும் பிடிக்கலைன்னா, ஞாயித்துக்கிழமை ஆபீஸ் திறந்ததும் அந்த லெட்டரை நானே கொண்டு குடுக்கேன். அதுவரை இது."

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பழைய ரீடரை எடுத்துக் கொடுத்தான். ஒரு மூலை உடைந்திருந்தது. அவர்கள் தங்கியிருந்த கேம்ப்பில் அதற்குப் பெயர் சிலேட்டு. அதில் இருந்தது ஒரே ஒரு நாவல். திரையின் அடியில், எவ்வளவு படித்தாயிற்று என்று காட்டும் ஒரு எண்: முப்பத்தெட்டு சதவீதம்.

"ஆளுக்கு மூணு நாள். முன்னாடி வச்சிருந்தவன் விட்ட எடத்துலேருந்து படிக்கணும். பின்னாடி திருப்பக் கூடாது."

"பாதியிலேருந்தா? ஏலே, நீயெல்லாம் மனுசனா? ஒரு கதையை யாராவது பாதியிலேருந்து படிப்பானா?"

"சோறு ஆறுது அண்ணாச்சி. போங்க."

*

அது ஜூன் மாதம். மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை வரை வெயிலில் யாரும் வேலை செய்யக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். இன்னாசி ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து சிலேட்டைத் திறந்தார். அவ்வளவு வெளிச்சத்திலும் எழுத்து காகிதத்தில் இருப்பது போலத் தெரிந்தது.

முதல் வரி: ரஞ்சிதம் உப்புக் கிடங்குக்குள் நுழைந்து சேவலைக் கீழே விட்டாள்.

யார் ரஞ்சிதம்? எதற்குச் சேவல்?

பத்துப் பக்கம் பொறுத்தார். விரல் பின்பக்கம் திருப்பப் போனது. திருப்பியிருக்கலாம், யாரும் பார்க்கவில்லை. ஆனால் அவர் ஸ்டோர் கீப்பர். விதி என்றால் விதி.

எழுந்து போய் வெல்டர் சடையனைத் தேடினார். அவன்தான் சிலேட்டை இவருக்கு முன்னால் வைத்திருந்தவன். கடலூர்க்காரன்.

"தம்பி, அந்தச் சேவல்..."

சடையன் துள்ளி எழுந்தான். "சேவலா? அது அவ புருஷனோடது! படகு எரிஞ்ச அன்னிக்கு அது மட்டும்தான் தப்பிச்சுது."

"புருஷன் எங்க?"

"அதெல்லாம் எனக்கு முன்னாடி. சாகுல் பாயைக் கேளுங்க."

சாகுல் ஹமீது மெஸ்ஸில் சமையல். கீழக்கரைக்காரர். வெங்காய மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"உக்காருங்க. சும்மா கேட்டா சொல்ல மாட்டேன். உரிச்சுக்கிட்டே கேளுங்க."

இன்னாசி உரித்தார். பாய் சொன்னார்.

"புருஷன் ஒரு நாசமாப் போனவன். படகைக் கொளுத்தினதே அவன்தான்."

"பாய், பொய் சொல்லாதீங்க!" வாசலில் சடையன். பின்னாலேயே வந்துவிட்டான். "கொளுத்தினது ரஞ்சிதம். தீப்பெட்டி அவ மடியில இருந்துச்சுல்ல?"

"அது அடுப்புக்கு வச்சிருந்ததுடா வெண்ண!"

"பாய், நீங்க தீ வைக்கிறதைப் படிச்சீங்களா?" என்றார் இன்னாசி.

பாய் கத்தியை வைத்தார். "இல்ல. நான் ஒம்பது சதவீதத்துல ஆரம்பிச்சேன். அப்பவே படகு எரிஞ்சு முடிஞ்சிருச்சு."

"முதல் ஒம்பது யார் படிச்சா?"

"தவமணி."

"அவன் எந்த ரூம்?"

"விசா முடிஞ்சு பரமக்குடி போயிட்டான். நம்பரையும் மாத்திட்டான், படுபாவி."

மதிய இடைவேளை போனதே தெரியவில்லை. பாதி மூட்டை உரித்திருந்தார்கள்.

*

மூன்றாம் நாள் இன்னாசி ஐம்பத்திரண்டு சதவீதத்தில் நிறுத்தினார். சிலேட்டு கிரேன் ஓட்டும் பாலுச்சாமியிடம் போனது.

மறுநாள் மதியம் இன்னாசி தட்டோடு மூலை மேஜைக்குப் போனார். எப்போதும் அங்கேதான், தனியாகத்தான் சாப்பிடுவார்.

பாலுச்சாமி எதிரே வந்து உட்கார்ந்தான். ஆறடி ஆள். இதுவரை அவரைப் பார்த்து ஒரு தடவைகூடத் தலையாட்டியதில்லை.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். கிடங்குல ஏன் ரத்தம் கிடக்கு? சேவல் செத்துப்போச்சா?"

இன்னாசி சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினார்.

"சேவலா? அதை எவன் கொல்ல முடியும்? கேளு..."

சொன்னார். சேவல் மாதிரி கழுத்தை வெடுக் வெடுக்கென்று ஆட்டிக் காட்டினார். உப்பு மூட்டை சரிந்து விழுவதற்குத் தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டார். பக்கத்து மேஜையிலிருந்து இரண்டு பேர் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார்கள். சோறு காய்ந்து கையில் ஒட்டியது.

சாமியார் தூரத்தில் உட்கார்ந்து மோர் குடித்தான்.

*

வெள்ளிக்கிழமை கடை. கடைக்காரர் மலையாளி. மூன்று ரீடரை எடுத்து வைத்தார். இன்னாசி எல்லாவற்றிலும் தமிழைத் திறந்து பார்த்தார். ஒன்றில் கொம்பு தனியே நின்றது, தள்ளி வைத்தார். கடைசியில் ஆறு இஞ்ச் ஒன்றை வாங்கினார். கடை வைஃபையிலேயே தன் ஊர்க் கணக்கைப் போட்டு அதே நாவலை இறக்கினார்.

திரும்பும் பஸ்ஸில் சாமியார் கேட்டான். "எத்தனை?"

"பூஜ்யம்."

"திறங்களேன்."

இன்னாசி திறக்கவில்லை. மூடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீ எத்தனை சதவீதம் படிச்சிருக்க, தம்பி?"

"நான் ஒரு பக்கம்கூடப் படிச்சதில்ல."

"வாங்கினது நீதானே?"

"ஆமா. அதான் எல்லாரும் எங்கிட்ட வந்து கதை சொல்றாங்களே."

இன்னாசி ரீடரைத் திறக்காமலே மடியில் கவிழ்த்து வைத்தார்.

*

மெஸ்ஸில் எல்லாரும் காத்திருந்தார்கள். விஷயம் அதற்குள் பரவிவிட்டது.

"அண்ணாச்சி, முதல் ஒம்பதும் இருக்குல்ல?" சடையன் குதித்தான். "தீ வச்சது ரஞ்சிதம்தானே? சொல்லுங்க, பாய் மூஞ்சில கரியப் பூசணும்!"

"தெரியாது."

"பஸ்ல ஒரு மணி நேரம் வந்தீங்களே, படிக்கல?"

"படிக்கல."

"கையில வச்சுக்கிட்டேவா?"

இன்னாசி நேரே சமையற்கட்டுக்குள் போனார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். அவர் புது ரீடரை சாகுல் பாய் மடியில் வைத்தார். பாயின் கையிலிருந்த கத்தியை இவர் வாங்கிக்கொண்டார்.

"முதல்லேருந்து ஒம்பது வரைக்கும் உங்களுது, பாய். ஆளுக்கு மூணு நாள்."

பாய் கையைத் துடைத்துத் துடைத்து, மறுபடியும் துடைத்து, அதைத் தொட்டார்.

"அண்ணாச்சி," என்றான் சாமியார், கதவில் சாய்ந்தபடி. "ஞாயித்துக்கிழமை நான் கொண்டு குடுக்கணும். லெட்டரைக் குடுங்க."

இன்னாசி பையிலிருந்து லெட்டரை எடுத்தார். பிரித்தார். தரையில் விரித்தார். மூட்டையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்து, தோலை அதன் மேல் போட்டார்.

பாய் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"பாய், மனசுக்குள்ள படிங்க," என்றார் இன்னாசி. "நாங்க அப்புறமா வந்து கேக்கோம்."