கண்ணாடிப் பெட்டியில் நின்ற தாத்தா

“இந்தக் காட்டில் எனக்கு ஒரு மரியாதை உண்டா? முயல்கூட வணக்கம் சொல்லாமல் போகிறது!”

செம்பிடரிச் சிங்கம் இப்படிப் புலம்புவது காலையிலிருந்து நான்காவது முறை. குளக்கரையில் குட்டியை நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்த அதன் மனைவி பொன்னரிக்குப் பொறுமை போய்விட்டது.

“முயல் வணக்கம் சொன்னால் வயிறு நிறையுமா? போய் ஒரு மானைப் பிடித்து வாருங்கள்.”

“மான் தின்று என்ன பெயர் வாங்கினேன்? என் தாத்தாவைப் பார். மனிதர்களைத் தின்றார். இன்றைக்குப் பட்டணத்து மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறார். அவரைப் பார்க்க ஊரே வரிசையில் நிற்கிறதாம், காக்கை சொன்னது. நாளைக் காலை தேன் எடுக்க ஆட்கள் வருவார்கள். ஒருவனைப் பிடித்துவிடப் போகிறேன்.”

பொன்னரி குட்டியை அருகே இழுத்துக்கொண்டது. ஓர் ஆளைத் தொட்டால் போதும், மறுநாளே துப்பாக்கி வரும். அது பெரியவர், குட்டி என்று பார்த்தா சுடும்? ஆனால் அழுதால் கேட்கிற ஆளா இவர்?

பொன்னரி மரத்தின் மேலிருந்த காக்கையைக் கூப்பிட்டது.

“வரிசையைப் பார்த்தாயே, உள்ளே எட்டிப் பார்த்தாயா?”

“இல்லை அக்கா. வாசலோடு வந்துவிட்டேன்.”

“மூட்டிவிட்டது நீதானே? போய் முழுசாகப் பார்த்துவிட்டு வந்து சொல்.”

காக்கை பொழுது சாயும் நேரத்தில் திரும்பியது. கிளையில் உட்காரும்போதே சிரிப்பை அடக்க முடியவில்லை.

“தாத்தா நிற்கிறார். கண் இரண்டும் கோலிக்குண்டு. வயிறு முழுக்க வைக்கோல். அதில் ஓர் எலி ஆறு குட்டி போட்டிருக்கிறது. ‘வீடு நல்ல கதகதப்பு’ என்று அதுவே சொன்னது.”

“ஜனங்கள் கும்பிடுகிறார்களா?” என்றது சிங்கம்.

“பெட்டிக் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்கிறார்கள்.”

“அந்த வரிசை?”

“அது வாசலில் நிற்கிற ஐஸ் வண்டிக்கு. வெயில் தாங்காதவர்கள்தான் உள்ளே வருகிறார்கள். தாத்தா அறையில் ஃபேன் ஓடுகிறது.”

“அவர் வீரத்தையாவது எழுதி வைத்திருக்கிறார்களா?”

“எழுதியிருக்கிறார்கள். ஒரு டீச்சர் பிள்ளைகளுக்கு உரக்கப் படித்தார். ‘இந்தச் சிங்கத்துக்குப் பல் சொத்தை. மானைக் கடிக்க முடியாததால், வேகமாக ஓட முடியாத மனிதனைப் பிடித்தது.’”

சிங்கம் வாய்க்குள்ளேயே நாக்கால் ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்தது. எல்லாம் கெட்டியாக இருந்தன.

“என்ன யோசனை?” என்றது பொன்னரி. “பல் இருக்கிறது, கால் இருக்கிறது. வயிற்றை எலிக்கு வாடகைக்கு விடுவதுதான் பாக்கியா?”

குட்டி களுக்கென்று சிரித்தது. சிங்கத்துக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அது சிரித்த சிரிப்பில் குளத்துத் தவளைகள் எல்லாம் தண்ணீருக்குள் குதித்தன. சிரித்து முடித்த கையோடு வேட்டைக்குப் போய் ஒரு கொழுத்த மானோடு வந்தது.

மறுநாள் தேன் எடுக்க வந்தவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்கள். கரையில் சிங்கக் குடும்பம் வயிறு புடைக்க மல்லாந்து கிடந்தது. வழக்கம்போல முயல் வணக்கம் சொல்லாமல் போனது. சிங்கம் அதைக் கவனிக்கவே இல்லை. அதற்கு வேறு கவலை.

“காக்கையே, தாத்தாவின் பல் சொத்தையை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே, என்ன?”

கிளை காலியாக இருந்தது. தூரத்தில் யானைக் கூட்டம் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

செத்த பிறகு பெட்டிக்குள் நின்று வாங்கும் பெயரைவிட, உயிரோடு இருக்கும்போது உழைத்து உண்டு நிம்மதியாகத் தூங்குவதே மேல்.