செவந்தி போட்ட வெங்காய விதை

ஒரு ஊர்ல ஒரு மருமக இருந்தாளாம், பேரு செவந்தி. ம் கொட்டு தங்கம், அப்பத்தான் கதை நடக்கும். அவ மாமியா இருளாயி கொல்லையில ஒரே ஒரு வெங்காயக் கொத்து வளத்து வச்சிருந்தா. அறுக்க அறுக்கத் தாள் விடும், வருசம் பூரா. கெழவிக்குக் கஞ்சின்னா அந்தத் தாளைத்தான் கடிச்சுக்கணும், மொறுக், மொறுக்.

அப்புறம் ஒரு ஐப்பசியில சோன்னு ஒம்பது நாள் மழை. கொத்து அழுகிப்போச்சு. கெழவியும் காய்ச்சல்ல படுத்துட்டா. காய்ச்சல் விட்டும் கஞ்சி ரெண்டு வாய்க்கு மேல எறங்கல. சந்தையில வெங்காயம் இல்லையான்னு கேக்காத, வாங்கித்தான் குடுத்தாங்க, தன் கொல்லைத் தாள் இல்லைன்னு தொடல. ஆளு குச்சியா எளைச்சா.

செவந்திக்குப் பயம் வந்துருச்சு. தாயில்லாதவ, மாமியாதான் அவளுக்கு எல்லாம். அப்போ அந்தக் கொத்துல முன்னாடி பறிச்சு அடுப்படியில தொங்கவிட்டிருந்த காஞ்ச வெங்காயப் பூவைத் தட்டுனா, பொலபொலன்னு கறுப்பு விதை. மொத்தமா போட மனசு வரல, மூணு பங்கா வச்சுக்கிட்டா.

மொதப் பங்கைக் கொல்லையில வெதச்சா, எறும்பு சாரை சாரையா தூக்கிட்டுப் போச்சு. ம்?

ரெண்டாம் பங்குக்குச் சாம்பல் தூவிக் காத்தா. பத்தாம் நாள் பச்சை நூலாட்டம் மொளைச்சுது. அப்போ பாத்து அவ புருசன் மாசிலாமணி, பொண்டாட்டிக்கு ஒத்தாசை பண்றேன்னு, அம்புட்டையும் புல்லுன்னு நெனச்சு கரக் கரக்னு கொத்திப் போட்டான். மகா கெட்டிக்காரன். செவந்தி ஒரு வார்த்தை திட்டல. உக்காந்து அழுதா, எந்திரிச்சு மூணாம் பங்கை எடுத்தா. என்னா பொறுமை அவளுக்கு! நானா இருந்தா அவனைத் தெரு முக்கு வரைக்கும் தொரத்தியிருப்பேன்.

அப்புறம் ஒடைஞ்ச பானையில மண்ணும் மக்குன சாணியும் போட்டு, வெதச்சு, தண்ணியைக் கையால தெளிச்சுத் தெளிச்சு வளத்தா. புருசனைக் கிட்டவே விடல. ஏழே ஏழு நாத்துதான் வந்துச்சு. பொங்கல் போயி மாசி பொறந்தப்போ, தாள் வெரல் தண்டிக்கு நின்னுச்சு.

பானையை அப்படியே தூக்கிட்டு வந்து மாமியா கட்டில்கிட்ட வச்சா. வச்ச சந்தோசத்துல ஒரு செடியை வேரோட புடுங்கப் போனா. அப்போ கெழவி கையை நீட்டித் தடுத்தா.

"புடுங்காதடி, அறுத்துக் குடு. நாளைக்கும் எனக்குப் பசிக்கும்ல?"

அதைக் கேட்டுச் செவந்தி சிரிச்சா, அழுதா, அருவாமனை எடுக்க ஓடுனா.

அவ்வளவுதான். கெழவி கஞ்சி குடிச்சாச்சு, கதையும் படுத்தாச்சு, நீயும் கண்ணை மூடு.