யாரும் குளிக்காத வெந்நீர்

எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு வந்த மனுசன் லேசாக அல்லவா இருக்க வேண்டும்? ராசாங்கம் அப்படி இல்லை. போடிக்கு மேலே, மலைக்காட்டுக்குள் இருந்த அந்தக் குடிலுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து அவர் ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. உட்கார்ந்தால் முட்டி ஆடும். முட்டியை அமுக்கிப் பிடித்தால் விரல் தாளம் போடும். கண்ணை மூடச் சொன்னால் மூடுவார், மூடிய இமைக்குள் முழி ஓடிக்கொண்டே இருக்கும்.

பெரியகுளத்தில் மளிகைக் கடை நடத்தியவர். அறுபதை நெருங்குகிற வயசு. குடிலின் குரு நாச்சியம்மாவோ அவருக்குத் தங்கச்சி மாதிரி, நாற்பதைத் தாண்டியிருந்தால் அதிகம். அப்பா விட்டுப்போன ஏலக்காய்த் தோட்டத்தின் ஓரத்தில் குடிலைப் போட்டு, காவி கட்டி, தேடி வருகிறவர்களோடு காலையும் மாலையும் உட்கார்ந்திருப்பார். மற்ற நேரமெல்லாம் மண்வெட்டியும் கையுமாகத் திரிவார். ராசாங்கம் அவரைத் தாயி என்பார். அவர் ராசாங்கத்தை அண்ணே என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

வந்த அன்றைக்கே ராசாங்கம் கேட்டுவிட்டார்.

"மனசு ஓடிக்கிட்டே இருக்கு தாயி. இதை நிறுத்த என்ன வழி?"

"எதையெல்லாம் விட்டுட்டு வந்தீங்க அண்ணே?"

"எல்லாத்தையும்தான். கடையை அக்கா மகன் கையில குடுத்துட்டேன். மகள் துபாயில சவுக்கியமா இருக்கா. வீட்டுக்காரிக்குப் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக் கெடக்கா, பேச்சும் போயிருச்சு. அவளை அவ தங்கச்சி சின்னக்கிளி வந்து பாத்துக்கிறா. எனக்குன்னு இப்ப ஒரு பாரமும் இல்ல."

"சரி. இருங்க."

அவ்வளவுதான் பதில். இதற்கா இத்தனை தூரம் மலை ஏறி வந்தோம் என்று ராசாங்கத்துக்குச் சப்பென்று போய்விட்டது.

வருகிற பௌர்ணமிக்குக் காவி வாங்கிக்கொள்வது என்று அவர் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தார். அங்கே காவி வாங்கினால் பிறகு வீடு என்று ஒன்று கிடையாது. நல்லதுக்கும் போகக்கூடாது, கெட்டதுக்கும் போகக்கூடாது. அது குடிலின் கட்டு. அவருக்கு அந்தக் கட்டுதான் வேண்டியிருந்தது. மனைவி வேலுத்தாயின் முகம் கண்ணுக்குள் வராமல் அரை நாழிகை அவரால் இருக்க முடியவில்லை. காவி கட்டிவிட்டால் அது நின்றுபோகும் என்று நம்பினார், பாவம்.

குடிலுக்குக் கரண்டுக் கம்பம் வந்ததில்லை. ஓடைதான் அவர்களுக்குக் கரண்டு. மேலே பாறைச் சரிவில் ஓடையை மறித்து ஒரு தொட்டி. தொட்டியிலிருந்து சரிவோடு இறங்கி வருகிற ஒரு நீளக் குழாய். குழாய் முடிகிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள்ளே குழாய் வாயிலிருந்து பீச்சியடிக்கிற தண்ணீர் ஓர் இரும்புச் சக்கரத்தில் மோதும், சக்கரம் சுற்றும், அது ஜெனரேட்டரைச் சுற்றும், குடிலில் நாலைந்து குண்டு பல்பு எரியும். இரவும் பகலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

சும்மா இருக்க முடியாத மனுசன் கொட்டகைக்குள் நுழைந்து பார்த்தார். சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு டிரம். அதில் ஆவி பறந்தது. விரலை விட்டுப் பார்த்துச் சுட்டுக்கொண்டு, நேராக நாச்சியம்மாவிடம் வந்தார்.

"யாருக்கு தாயி அந்த வெந்நீர்?"

"யாருக்கும் இல்ல."

"குளிக்கிறதுக்கு?"

"நாம எல்லாரும் ஓடையிலதானே குளிக்கிறோம்."

"அப்புறம் எதுக்கு அது கொதிக்குது?"

"பல்பு எரிச்சது போக மிச்சக் கரண்டு அந்த டிரம்முக்குள்ள இருக்கிற ஹீட்டருக்குப் போகுது."

கடைக்காரருக்கு வயிறு எரிந்தது. காலமெல்லாம் கல்லாவில் உட்கார்ந்துகொண்டே, யாரும் இல்லாத பக்கத்தில் ஃபேன் ஓடுகிறதா என்று ஒரு கண் வைத்திருந்தவர் அவர். கடைப் பையன்கள் முதுகுக்குப் பின்னால் அவரை 'சுவிட்சு' என்றுதான் சொல்வார்கள். அன்றையிலிருந்து குடிலில் ஆள் எழுந்த இடமெல்லாம் பல்பை அணைத்துக்கொண்டு திரிந்தார். அணைத்துவிட்டுக் கொட்டகைக்கு ஓடிப் பார்ப்பார். டிரம் முன்னைவிட அதிகமாகக் கொதிக்கும். என்னடா இது வம்பாப் போச்சு என்று தலையைச் சொறிவார்.

"அது மிச்சம் பிடிக்கிற கரண்டு இல்ல அண்ணே" என்றார் நாச்சியம்மா. "ஓடை வர்ற வரைக்கும் அதுவும் வந்துக்கிட்டேதான் இருக்கும். எங்கயாவது போயாகணும்."

ராசாங்கம் காதில் வாங்கினாரே தவிர மனசில் வாங்கவில்லை.

ஒருநாள் பொழுது சாய்கிற நேரம். குடிலில் இருந்த நாலு பேரும் கூடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். ராசாங்கமும் உட்கார்ந்தார். முட்டி ஆடியது. மூடிய கண்ணுக்குள் வேலுத்தாய் வந்தாள், எப்போதும்போல. கோணிய வாயோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் தாங்கவில்லை. ஓசைப்படாமல் எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார்.

டிரம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"வீணாப் போறதுக்கும் ஒரு அளவு வேணாமா" என்று சொல்லிக்கொண்டே ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிப் போட்டார். கொதி அடங்கியது. அவருக்கும் அப்பாடா என்று இருந்தது.

அந்த அப்பாடா முடிவதற்குள் சக்கரம் ஒரு முனகல் முனகியது. முனகல் ஏறியது. ஏறி ஏறி ஊளையாக மாறியது. கொட்டகைப் பல்பு வெள்ளை வெளேரென்று எரிந்து பட்டென்று போனது. கூடத்தில் ஒன்று போனது, சமையல்கட்டில் ஒன்று போனது. ஒவ்வொன்றாகப் போகப் போகச் சக்கரத்துக்கு வெறி கூடியது. பேரிங்கிலிருந்து புகை வந்தது. தகரம் முழுசும் கடகடவென்று ஆடியது. பிளக்கைத் திரும்ப மாட்டலாம் என்றால் கை எங்கே வருகிறது? மனுசன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

நாச்சியம்மா இருட்டில் வேகமாக வந்து, கூரையிலிருந்து தொங்கிய ஒரு கம்பியை இழுத்தார். குழாய் வாய்க்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு தகடு இறங்கியது. தண்ணீர் சக்கரத்தைத் தொடாமல் ஒரு பக்கமாகப் பீச்சியது. ஊளை மெல்ல மெல்ல இறங்கி நின்றது.

ராசாங்கம் சுவரை விட்டு மெதுவாக நகர்ந்து வந்தார்.

"மேல மழை எதுவும் விழுந்துச்சா தாயி? தண்ணி கூடிருச்சா?"

"தண்ணி அதே தண்ணிதான்."

"நான் குழாயைத் தொடவே இல்லையே. வேற எதையும் ஏத்தலையே. சுமையைக் குறைச்சா சக்கரத்துக்கு நல்லதுதானேன்னு..."

"ஆமாண்ணே. சுமையைத்தான் எடுத்துட்டீங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டவில்லை. அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, நாச்சியம்மா பேரிங்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் போடியிலிருந்து புது பேரிங்கும் பல்புகளும் ஜீப்பில் வந்தன. சக்கரம் பழையபடி ஓடியது. ராசாங்கம் விடியற்காலையிலேயே வந்து நின்றார். முகத்தில் ஒரு தெளிச்சி.

"புரிஞ்சிருச்சு தாயி."

"என்ன புரிஞ்சது?"

"பாரம் இல்லாமத்தான் என் மனசு இந்த ஓட்டம் ஓடுது. எனக்கு வேலை குடுங்க."

"நான் குடுக்கணுமா? கெடக்கிற வேலையைச் செய்ங்க."

செய்தாரே, சும்மா சொல்லக்கூடாது. தொட்டி வாயில் அடைக்கிற இலையை அள்ளினார். வாய்க்கால் கரையைக் கட்டினார். நடைபாதைக்குக் கல் பதித்தார். விழுந்து கிடந்த மரத்தையெல்லாம் வெட்டி விறகாக அடுக்கினார். அடுக்கு கோணலாக இருக்கிறது என்று பிரித்து மறுபடி அடுக்கினார். கை காய்த்துப்போனது. ராத்திரி உடம்பைக் கீழே போட்டதும் தூக்கம். வேலுத்தாய் வரவில்லை. வந்தாலும் வாசலோடு போய்விட்டாள். கூடத்தில் முட்டி ஆடாமல் உட்கார்ந்தார். ராசாங்கம் அண்ணனா இது என்று மற்றவர்கள் பார்த்தார்கள். அவருக்கே பெருமை பிடிபடவில்லை.

பௌர்ணமி வந்தது. மத்தியானம் ஓடையில் குளித்து, ஈர வேட்டியோடு நாச்சியம்மாவைத் தேடிப் போனார். அவர் கொட்டகையில் டிரம்முக்குக் கீழிருந்த குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். கொதிக்கிற தண்ணீர் ஆவியோடு வெளியே ஓடி மண்ணில் இறங்கியது. டிரம் பாதி காலியானதும் பச்சைத் தண்ணீரை ரொப்பினார்.

"மனசு அடங்கிருச்சு தாயி. இன்னைக்குக் காவி குடுத்துருங்க."

"சக்கரம் எப்படி ஓடுது அண்ணே?"

ராசாங்கம் காது கொடுத்துக் கேட்டார். "ஒழுங்கா ஓடுது."

"இப்ப ஒரு பல்பும் எரியல. மொத்தமும் இந்த டிரம்முக்குத்தான் போகுது. கொதிக்க வச்சு மண்ணுல ஊத்துறேன். அப்பவும் ஒழுங்காத்தான் ஓடுது."

"சக்கரத்துக்கு என்ன தெரியும்? அதுக்குச் சுமை இருந்தாப் போதும்."

"ஆமா, அதுக்குப் போதும்." நாச்சியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தார். கூரை உயரத்துக்கு விறகு நின்றது. "அவ்வளவு விறகும் யாருக்கு?"

"குடிலுக்குத்தான்."

"போன வருசத்து விறகே தீரலையே."

ராசாங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை பாடுபட்டதற்கு இதுதானா என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில்தான் உள்ளே கிடந்தது வாய்க்கு வந்தது.

"நீங்க எங்க சுத்தி எங்க வர்றீங்கன்னு எனக்குத் தெரியாம இல்ல தாயி. என்னால ஆகாது. கல்யாணம் ஆன நாள்லேருந்து என்னை வாய் ஓயாமத் திட்டினவ அவ. நானும் விட்டுக்குடுத்தது இல்ல. எங்க வீட்டுச் சண்டை தெருவுக்கே தெரியும். இப்ப வாயே இல்லாமப் படுத்துக்கிட்டுக் கண்ணால பாக்குறா. திட்டுறாளா, கெஞ்சுறாளா, ஒண்ணும் தெரியமாட்டேங்குது. அந்தக் கண்ணை என்னால பாக்க முடியல. நான் கோழைதான், வச்சுக்கங்க. நான் போய் நின்னா மட்டும் அவ எந்திரிச்சுரப் போறாளா? பேசிரப் போறாளா?"

"மாட்டாங்க."

இவ்வளவு பட்டென்று அந்தப் பதில் வரும் என்று அவர் நினைக்கவில்லை. அழுகை முட்டியது. வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார்.

நாச்சியம்மா பக்கத்து வீட்டு விசயம் விசாரிக்கிற மாதிரி கேட்டார்.

"ராத்திரியில தாகம் எடுத்தா எப்படிக் கேப்பாங்க?"

"தொண்டையில ஒரு சத்தம் வரும். பூனை மாதிரி, சின்னதா."

"சின்னக்கிளி முழிச்சுக்குவாங்களா?"

"அவ அங்கதானே படுத்திருக்கா. கட்டிலுக்குக் கீழயே பாயைப் போட்டு..."

மேலே சொல்ல வந்தவர் நின்றுவிட்டார்.

சக்கரம் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. டிரம்மில் ஊற்றிய பச்சைத் தண்ணீர் மறுபடி சூடாகத் தொடங்கியிருந்தது. ராசாங்கம் நாச்சியம்மாவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"சின்னக்கிளிக்குக் காது மந்தம் தாயி" என்றார். "பகல்லயே ரெண்டு தடவை கூப்பிடணும்."



தோட்டத்துக் கூலி ஆட்களை இறக்கிவிடப் போகிற ஜீப் மேல் வளைவில் ஆரன் அடித்தது. போடிக்குப் போக அன்றைக்கு அது ஒன்றுதான் வண்டி. ராசாங்கம் ஈர வேட்டியோடு நின்றார். ஒரு கால் குடிலைப் பார்த்துத் திரும்பியது, ஒரு கால் பாதையைப் பார்த்துத் திரும்பியது.

"காவி?" என்றார்.

"அது எங்கயும் போயிராது அண்ணே. ஜீப்பு போயிரும்."